முப்பத்தாறு மாத அனுபவம்

அலுவலகத்தில் அவருக்கு அட்டவணை அக்கா என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. கட்டடங்கள் கட்டும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் மூன்றாம் மாடியில், படிக்கட்டுக்கு எதிரே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தார். எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்க வேண்டும், எது முடிந்தால் எதைத் தொடலாம், கம்பி வந்து சேர நான்கு நாள் தாமதமானால் எத்தனை பேர் கை கட்டி நிற்பார்கள் என்பதெல்லாம் அவருடைய திரையில் நீலக் கோடுகளாக நீண்டு கிடக்கும். தளத்தில் நிற்கும் பொறியாளர்கள் காலையில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, இன்னிக்கு நான் என்ன செய்யணும்?"

"முதல்ல எழுந்து பல்லைத் தேய். அப்புறம் சொல்றேன்."

வேலைகளை நடத்தியவர் அவர். காகிதத்தில் நடத்தியவர் அவருடைய மேலாளர். அந்த மனிதருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பார்த்துக்கலாம். எந்தச் சிக்கலோடு போய் நின்றாலும் நாற்காலியில் சற்றுச் சாய்ந்து, "பார்த்துக்கலாம்" என்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தியதில்லை, யாருடைய விடுப்பையும் மறுத்ததில்லை. யாரையும் ஒரு வார்த்தை பாராட்டியதும் இல்லை. பெரிய கூட்டங்களில் அக்கா தயாரித்த தாள்களைப் படித்துக் காட்டும்போது, "நம்ம ஆபீஸ்ல தயார் பண்ணது" என்று மட்டும் சொல்வார்.

ஒரு வேலையைச் செய்வது வேறு, அதன் பெயரில் நிற்பது வேறு. இரண்டாவதைப் பரிசு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அக்காவும் நாற்பத்தாறு வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தார்.

அந்த வருடத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. இனி திட்டங்களைக் கையாள்பவர்கள் திட்ட மேலாண்மையில் தொழில்முறைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். வருடக் கடைசி வரை அவகாசம். பெறாதவர்கள் குறித்துப் பிறகு முடிவு செய்யப்படும். அந்தக் கடைசி வரியின் முன்னால்தான் எல்லோரும் சற்று நேரம் நின்றார்கள்.

சான்றிதழ் வழங்கும் வாரியம் பரீட்சைக்கு முன்பே ஒன்று கேட்டது. கடந்த எட்டு வருடத்துக்குள் முப்பத்தாறு மாதங்கள் திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவம் வேண்டும். உதவி செய்த மாதங்கள் சேராது. பராமரிப்பு வேலைகள் சேராது. அக்கா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். பள்ளிக்கூட அரங்கம் பதினொன்று. பஸ் பணிமனை பதினொன்று. மருத்துவமனையின் புதுக் கட்டடம் பதினாறு. மொத்தம் முப்பத்தெட்டு. இரண்டு மாதம்தான் மிச்சம். மருத்துவமனையை எடுத்துவிட்டால் இருபத்திரண்டோடு நின்றுபோகும்.

எடுக்க வேண்டிய அவசியம் அப்போது வரவில்லை.

வீட்டில் அவரும் கணவரும்தான். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். முதல் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன், விடியும் நேரத்தில், சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். புத்தகம் கணவர் கையில். கேள்வி கேட்பது அவர், பதில் சொல்வது அக்கா. ஆறு மாதம் இப்படிப் போனது.

"குழுவில் இருவருக்கு இடையே கருத்து வேறுபாடு. திட்ட மேலாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன?"

"ரெண்டு பேரையும் தனியா கூப்பிட்டு என்ன பிரச்சனைன்னு கேட்கணும்."

"தப்பு. ரெண்டு பேரையும் அடுத்த ஸ்டாப்புல இறக்கி விடணும்."

"உங்க பஸ் இல்லைங்க இது."

"பஸ்ஸும் திட்டம்தான்மா. தினமும் தொடங்கறேன், தினமும் முடிக்கறேன். எனக்கு யாரு சான்றிதழ் குடுத்தா?"

மகள் தொலைபேசியில், "அம்மா, நீ எழுதப்போற பரீட்சைக்கு எனக்கு வயித்தைக் கலக்குது" என்பாள். "கலக்கட்டும். உன் பரீட்சைக்கு எனக்கு எத்தனை வருஷம் கலக்கியிருக்கும்" என்று அக்கா பதில் சொல்வார்.

இந்தப் படிப்பு அவருக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுத்தது குறைவு. ஏற்கனவே கையால் செய்துகொண்டிருந்தவற்றுக்குப் பெயர்கள் கிடைத்தன, அவ்வளவுதான். ஒரே ஒரு அத்தியாயத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார். ரிஸ்க் ரிஜிஸ்டர் என்ற பட்டியல் பற்றியது அது. ஒரு திட்டத்தில் எவையெல்லாம் தவறிப் போகலாம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்போகிறோம், இன்னும் திறந்திருக்கிறதா, முடிந்து மூடப்பட்டதா என்று குறித்துவைக்கும் தாள். அக்கா நூற்றுக்கணக்கில் தயாரித்திருக்கிறார். அதில் "உரிமையாளர்" என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் இருப்பவர் தட்டச்சு செய்தவர் அல்ல, அந்த ஆபத்துக்கு நாளை பதில் சொல்ல வேண்டியவர் என்றது புத்தகம்.

அவர்கள் அலுவலகத்தில் அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பியதே இல்லை. மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். நிறுவனம் ஒரே ஒரு லைசென்ஸ்தான் வாங்கியிருந்தது. அது அக்காவின் பெயரில் இருந்தது. பொறியாளர், மேலாளர், கணக்குப் பிரிவு யார் உட்கார்ந்து எதைத் திருத்தினாலும் அக்காவின் பாஸ்வேர்டைப் போட்டுத்தான் திருத்த வேண்டும். அது திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கும். எட்டு வருடத் தாள்களில், எல்லா வரிகளிலும், உரிமையாளர் கட்டத்தில் ஒரே பெயர்.

"என்ன யோசனை?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. எங்க ஆபீஸ்ல எல்லா ஆபத்துக்கும் நான்தான் சொந்தக்காரி."

"அது கல்யாணத்துலயே தெரிஞ்ச விஷயம்தானே" என்று சிரித்துவிட்டு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விண்ணப்பம் அனுப்பிய பத்தாம் நாள் வாரியத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து ஆடிட் செய்வார்கள், அவருடையது தேர்வாகியிருந்தது. மூன்று திட்டங்களுக்கும் மேலதிகாரியின் கையெழுத்தோடு உறுதிக்கடிதம் வேண்டும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் அதே மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். இருபது நாளுக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் விழுந்துவிடும். ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

அக்கா படிவங்களோடு மேலாளரின் அறைக்குப் போனபோது, எப்படியும் நான்கைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். பள்ளி அரங்கத்துக்கும் பணிமனைக்கும் அப்படித்தான் ஆனது. "வச்சுட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்று பத்து நாள் போக்கினார். மூன்றாவதான மருத்துவமனைப் படிவத்தைத் தொடக்கூட இல்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை அவரே கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்கம்மா."

பத்தொன்பது வருடத்தில் அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை.

"ஹாஸ்பிடல் வேலைக்கு லெட்டர் கேட்டீங்கல்ல? போட்டுட்டேன். நீங்க எழுதினது ரொம்பக் கம்மியா இருந்துது. நான் கொஞ்சம் சேர்த்திருக்கேன்."

படிவத்தின் கீழே தன் கையாலேயே நான்கு வரி எழுதியிருந்தார். இத்திட்டத்தைத் தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை இவரே முழுமையாக நடத்தினார். அட்டவணை, தரம், ஆபத்துகள் குறித்த முடிவுகள் அனைத்தும் இவருடைய தனிப் பொறுப்பில் இருந்தன. என் தலையீடு தேவைப்படவில்லை. இவருடைய தீர்மானங்களில் நான் முழு நம்பிக்கை வைத்திருந்தேன்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து உறையை எடுத்துக் கொடுத்தார். மேலாளர் படிவத்தை உள்ளே போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, அந்த இடத்தின் மேல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு நகல் எடுத்து நானும் வச்சிருக்கேன்மா" என்றார். "எதுக்கும் இருக்கட்டும்."

பாராட்டு தாமதமாக வரலாம், அதில் குற்றமில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் வராத ஒன்று ஒரே நாளில், கேட்டதற்கு மேலாக வந்து சேரும்போது, வாங்கிக்கொள்பவர் ஒரு நிமிடம் யோசிக்கலாம். அக்கா யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் நான்கு வரிகளையும் மனப்பாடமாகச் சொன்னார்.

ஒப்படைப்புச் சான்றின் நகல் ஒன்றும் வாரியத்துக்கு வேண்டியிருந்தது. அது மருத்துவமனையில் பம்பு அறையை ஒட்டிய பராமரிப்பு அறையில் இருந்தது. திங்கட்கிழமை மதியம் அதை வாங்கப் போனார்.

புதுக் கட்டடம் தரைக்கு மேல் நான்கு தளம், தரைக்குக் கீழே இரண்டு. பின்பக்கம் ஒரு கால்வாய் ஓடியது. கீழ்த்தளங்களின் ஒரு நீளச் சுவர் அந்தக் கால்வாயை ஒட்டிய மண்ணைத் தாங்கிக்கொண்டு நின்றது. மேல் பேஸ்மென்ட்டில் கார்கள். அடி பேஸ்மென்ட்டில் பம்பு அறை, பழைய கட்டில்கள், அப்புறம் மருத்துவமனையின் சலவைப் பிரிவு. பன்னிரண்டு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். அக்கா லிப்டில் இறங்கியபோது பெரிய இயந்திரங்கள் சுழலும் சத்தமும் ஈரத் துணியின் வெந்த வாடையும் எதிரே வந்தன.

பம்புகளைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். கட்டடம் எழுந்த நாளிலிருந்து அக்காவுக்குப் பழக்கம்.

"வா தங்கச்சி. ஒன்றரை வருஷமா இந்தப் பக்கமே காணோம். பெரிய ஆளாயிட்டியாமே?"

"யாரு அண்ணே சொன்னது?"

"உங்க பார்த்துக்கலாம்தான். போன செவ்வாய்க்கிழமை வந்தாரு, ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு."

அக்கா ஒப்படைப்புக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். மேலாளர் ஒப்படைத்த கட்டடங்களுக்குத் திரும்பிப் போனதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

"எதுக்கு வந்தாரு?"

பம்புக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பம்பு அறைக்குப் பின்னால், பழைய கட்டில்களை ஒதுக்கி வைத்த இடத்தில், கால்வாய்ப் பக்கச் சுவரின் மேல் வெளிச்சத்தை அடித்தார். இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒரு விரிசல், அறையின் நீளத்துக்கு ஓடியது. அதன் மேல் நான்கு இடங்களில் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருந்தார்.

"லேப்ல ரத்தம் பார்க்கற கண்ணாடி. கேட்டு வாங்கினேன். சுவர் அசையலைன்னா கண்ணாடி அப்படியே இருக்கும். இது ரெண்டு மாசம் முன்னாடி உடைஞ்சுது. இது போன மாசம். இது..." மூன்றாவதன் மேல் விரலை வைத்தார். குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. "இது ஞாயித்துக்கிழமை."

"பம்பு எவ்வளவு ஓடுது?"

"நீ குடுத்த தாள்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு இருக்கு. இப்போ நான் நிறுத்தறதே இல்ல. நிறுத்தினா அரை மணி நேரத்துல கணுக்கால் வரைக்கும் வந்துடும். மழை வர இன்னும் ஆறு வாரம் இருக்கு தங்கச்சி. காஞ்ச கால்வாய்க்கே இந்தப் பாடு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாம? மூணு லெட்டர் எழுதினேன் உங்க ஆபீசுக்கு. அதுக்குத்தான் அவரு வந்தாரு. போட்டோ எடுத்தாங்க. அப்புறம், 'இந்த வேலை யார் பொறுப்புல நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா'ன்னு என்னையே கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரே சொன்னாரு, அந்தம்மாதானே எல்லாம் பார்த்தாங்கன்னு. நானும் ஆமான்னேன். பொய் இல்லையே? நீதானே தினமும் போன் பண்ணி உயிரை வாங்குவே. ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டாரு."

செவ்வாய்க்கிழமை இங்கே வந்திருக்கிறார். வியாழக்கிழமை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சலவை அறையில் யாரோ ஒரு பெண் எதற்கோ உரக்கச் சிரித்தாள்.

அக்கா அலுவலகத்துக்குத் திரும்பி அந்தத் திட்டத்தின் தாளைத் திறந்தார். ஒப்படைத்த பிறகு திறந்ததே இல்லை. பதினான்காம் வரியை அவரே எழுதியிருந்தார்: கால்வாய்ப் பக்கச் சுவர். பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம். கண்காணிப்புக் குழாய்களில் தொண்ணூறு நாள் நீர்மட்டத்தை அளவெடுத்த பிறகே இந்த வரியை மூட வேண்டும். இருபத்தொரு நாள் அளவுகள் பதிந்திருந்தன. இருபத்திரண்டாம் நாள் பகல் பன்னிரண்டு ஐந்துக்கு அந்த வரி மூடப்பட்டிருந்தது. மூடியவர் கட்டத்தில் அவருடைய பெயர்.

தேதியைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்த நாள். வேறொரு மருத்துவமனையில், ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஒரு சின்னத் திருத்தம்மா. மஞ்சள் சீட்டுல இருக்கறது வேலை செய்யல. மாத்திட்டீங்களா?" ஆமாம், முந்திய வாரம்தான் மாற்றியிருந்தார். எழுத்தெழுத்தாகச் சொன்னார். என்ன திருத்தம் என்று கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து வேலைக்குத் திரும்பியபோது கட்டடம் ஒப்படைக்கப்பட்டு, எல்லோருக்கும் இனிப்பும் கொடுத்து முடிந்திருந்தது. தொண்ணூறு நாள் ஆகவில்லையே, திறந்த வரியோடு எப்படி ஒப்படைத்தார்கள் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. மேசையில் அடுத்த வேலையின் தாள்கள் காத்திருந்தன. தாளைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடம் ஒன்றரை வருடமாகக் கிடைக்கவில்லை.

அன்று மாலை மேலாளரின் அறைக்கு அவராகவே போனார். இந்த முறை உட்காரவில்லை.

"சார், பதினாலாம் வரியை மூடினது யாரு?"

"எந்தப் பதினாலு?"

"ஹாஸ்பிடல். கால்வாய்ப் பக்கச் சுவர்."

"அதுல உங்க பேருதானேம்மா இருக்கு?"

"எல்லாத்துலயும் என் பேருதான் சார் இருக்கு. லைசென்ஸ் ஒண்ணுதானே வாங்கினீங்க."

மேலாளர் சிரித்தார். கோபமோ பயமோ இல்லாத, கிட்டத்தட்ட அன்பான சிரிப்பு.

"அதை யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க? பதினாறு மாசம் நான்தான் நடத்தினேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. நான் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்த ஆபீஸ்ல யாருக்கும் அவ்வளவு நல்லா நான் எழுதினதில்ல. உங்க பேரு வரணும்னு ஆசைப்பட்டீங்க. வந்திருக்கு."

"சுவர் அசையுது சார். கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்யறாங்க."

"பார்த்துக்கலாம். முதல்ல பரீட்சையை முடிங்க."

விண்ணப்பம் விழ இன்னும் மூன்று நாள் இருந்தது. உறை அக்காவின் கைப்பையில் இருந்தது.

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெடுநேரம் கரண்டியால் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

"உன் பாஸ்வேர்ட் உங்க ஆபீஸ்ல வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தெரியாது" என்றார். பிறகு, "உறையைத் தபால்ல போடாதே. கிழிச்சுடு. தீர்ந்துது" என்றார்.

"போடலைன்னா ஒரு வருஷம் எழுத முடியாது. வருஷக் கடைசியில வேலை போயிடும்."

"போனா போகட்டும்." வேகமாகச் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு நீண்ட தடங்கள் கொடுப்பதில்லை; பஸ்ஸில் இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பாரா என்பது இருவருக்குமே தெரியாது. அதனால் அந்தப் பேச்சு மேலே போகவில்லை.

"அதுக்காக இல்லைங்க" என்றார் அக்கா. "கிழிச்சா, அந்த வேலையை நான் நடத்தலைன்னு ஆயிடும். அது பொய். அந்தப் பதினாலாம் வரியை எழுதினதே நான். தொண்ணூறு நாள்னு போட்டதும் நான்."

"அப்போ மூடினதும் நீதான்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"ஜெயிலுக்கு அனுப்புவாங்களா?"

"சுவர் விழுந்தா அனுப்புவாங்க."

கணவர் டீயைக் குடிக்காமல் எழுந்துபோய்த் தொட்டியில் கொட்டினார். முதுகைக் காட்டியபடியே, "நான் உன்னைக் காலையில ஆபீஸ்ல இறக்கி விடறேன். நாளைக்கு என் ஷிப்டு மதியம்தான்" என்றார்.

மறுநாள் ஏழரை மணிக்கு, துடைப்பவர்கள்கூட வராத நேரத்தில், அக்கா தன் பெயரைப் போட்டு உள்ளே நுழைந்தார். பதினான்காம் வரியின் நிலையை மூடியது என்பதிலிருந்து திறந்தது என்று மாற்றினார். குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: தொண்ணூறு நாள் அளவெடுப்பு முடியுமுன் இந்த வரி மூடப்பட்டது. மூடியது நான் அல்ல. பாஸ்வேர்டைக் கொடுத்தது நான். விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடிகளில் மூன்று உடைந்துள்ளன. அடி பேஸ்மென்ட்டை உடனே காலி செய்ய வேண்டும். உரிமையாளர் என்ற கட்டத்தில் ஏற்கனவே இருந்த பெயரை அப்படியே விட்டார். அதை மருத்துவமனையின் கட்டடப் பிரிவுக்கும் நகராட்சிப் பொறியாளர் அலுவலகத்துக்கும், நகலை மேலாளருக்கும் அனுப்பினார். பிறகு தெருவில் இறங்கி நடந்து, உறையைத் தபால் பெட்டியில் போட்டார்.

இதைத் துணிச்சல் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார். அதுவும் கழுத்தைச் சுற்றிக் கயிறு விழுந்த பிறகு. ஆனாலும் தப்பிக்க இரண்டு வழிகள் அவருக்கு இருந்தன. உறையைக் கிழித்து விலகலாம். உறையை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். இரண்டையும் அவர் எடுக்கவில்லை. அந்த அளவுக்குச் சொல்லலாம்.

பதினோரு மணிக்கு அவருடைய திரை அணைந்து, அனுமதி நீக்கப்பட்டதாக ஒரு வரி வந்தது. யாரும் திட்டவில்லை. மேலாளர் வராந்தாவில் எதிரே வந்தபோது வழக்கம்போலத் தலையசைத்தார். மறுநாளிலிருந்து காலையில் தளத்திலிருந்து அழைப்புகள் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவருடைய தொலைபேசி மதியம் வரை சும்மா கிடந்தது. ஒரு பொறியாளர் மட்டும் படிக்கட்டில் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றான்.

"அப்போ எதுக்குடா பேசறே?"

"பேசலையே. சொல்லிட்டுத்தான் போறேன்."

மருத்துவமனை இரண்டு நாள் யோசித்துவிட்டு அடி பேஸ்மென்ட்டைப் பூட்டியது. சலவை இயந்திரங்களைக் கழற்றி மேலே கொண்டுபோக ஒரு வாரமானது. சலவைப் பிரிவில் தற்காலிகமாக இருந்த ஐந்து பெண்களுக்கு அந்த வாரம் வேலை இல்லை. அவர்களில் ஒருத்தி அக்காவின் எண்ணை எங்கோ கேட்டு வாங்கி, அழைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினாள். அக்கா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சுவர் விழவில்லை. அது அவருக்கு எதிராகத் திரும்பியது. சான்றிதழ் இல்லாத ஓர் ஊழியர் தன்னிச்சையாகக் கிளப்பிய பீதி என்று நிறுவனம் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதியது. அதே நிறுவனம் நகராட்சிக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், திட்டத்தை முழுமையாக நடத்திய பொறுப்பாளர் அவரே என்று சொல்லி, மேலாளரின் நான்கு வரிகளை இணைத்திருந்தது. இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் தட்டச்சு ஆகியிருந்தன.

இதற்கிடையே வாரியம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டது. பரீட்சைக்கூடத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தலைக்கு மேல் கேமரா. நூற்றெண்பது கேள்விகள். எழுதி முடித்து எழுந்ததும் வாசலில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, "வாழ்த்துகள்" என்றாள். கணவர் வெளியே, வண்டி நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்.

"என்னாச்சு?"

"பாஸ்."

"இனிமே நீ வாரியம் ஒத்துக்கிட்ட சொந்தக்காரி" என்றார். இருவரும் சிரிக்க முயன்றார்கள். அப்போதே தெருவில் முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

சுவர் பற்றிய விசாரணை அதற்கு அடுத்த வாரம். நகராட்சியின் நீண்ட அறை ஒன்றில் மேசைக்கு அந்தப்பக்கம் விசாரணை அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்பவர். இந்தப்பக்கம் மேலாளரும் நிறுவனத்தின் வக்கீலும். சற்றுத் தள்ளி அக்கா. ஜன்னல் கண்ணாடியில் மழை சரிந்து ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் பதினான்காம் வரியின் அச்சுப் பிரதி, பம்புக்காரரின் கையெழுத்திட்ட தாள், புதுச் சான்றிதழின் நகல். நகலை அங்கே வைத்தவர் வக்கீல்.

"மருத்துவமனைத் திட்டத்தை நடத்தினது நீங்கதானா?" என்றார் அதிகாரி.

"ஆமாம்."

"இந்த வரியை மூடினது நீங்களா?"

"இல்ல. அன்னிக்கு என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். நான் அங்க இருந்தேன். டிஸ்சார்ஜ் சீட்டு கொண்டுவந்திருக்கேன். பாஸ்வேர்டைச் சொன்னது நான். யார் கேட்டாங்கன்னும் சொல்றேன்."

மேலாளர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் அதிகாரியின் பக்கம் லேசாகக் குனிந்து, "பொறுப்பு யாருடையதுங்கறதுதான் இன்னிக்கு எடுத்துக்கிட்ட விஷயம். பாஸ்வேர்ட் விவகாரம் அலுவலக உள்விஷயம்" என்றார். அதிகாரி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு தட்டச்சு செய்பவரிடம் ஏதோ சொன்னார். இயந்திரத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அதை அக்காவின் முன் நகர்த்தி, பேனாவையும் வைத்தார்.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா."

அக்கா படித்தார். முதல் கேள்வி இருந்தது, அதற்கு ஆம் என்ற பதிலும் இருந்தது. இரண்டாவது கேள்வியே தாளில் இல்லை.

"சார், இதுல பாதிதான் இருக்கு."

"இன்னிக்கு அவ்வளவுதான். மிச்சத்தை அடுத்த அமர்வுல எடுத்துக்கறோம்."

"அடுத்த அமர்வு எப்போ?"

"மழை விட்டதுக்கப்புறம்."

அக்கா பேனாவை எடுத்தார். அதன் மூடியைப் போட்டு, தாளின் மேல் குறுக்காக வைத்தார். டிஸ்சார்ஜ் சீட்டைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் விரித்தார்.

"மிச்சத்தையும் அடிங்க சார். நான் இருக்கேன்."

தட்டச்சு செய்பவர் அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி வக்கீலைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்து, வராந்தாவில் செருப்புச் சத்தங்கள் போய்த் தேய்ந்தன. மேலாளரின் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார்; திரையில் மருத்துவமனையின் பெயர். அழைப்பை ஏற்காமல் அதை மேசையின் மேல் கவிழ்த்து வைத்தார். அது நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.